கினிகத்தேனையில் ஒரு பழைய சிப்பாய்

ஹட்டன் பேருந்து கினிகத்தேனையில் தேநீருக்காக நிற்கிறது. மழை விடவில்லை. கடைத் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நகரத்தின் மேல் ஏவுகணைகள் விழுகின்றன. என்னோடு வந்த இரண்டு பயணிகள் அதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

கடைக்காரர் செல்வராஜ் செயற்கைக் காலை ஊன்றி வந்து தொலைக்காட்சியை அணைக்கிறார்.

“ஏங்க நிப்பாட்டிட்டீங்க?” என்கிறார் ஒருவர்.

“கிரிக்கெட் மேட்ச் இருந்தா போடுறேங்க. இது மேட்ச் இல்ல.”

இருவரும் வடைப் பக்கம் திரும்புகிறார்கள். எனக்குத் தேநீர் கொண்டு வரும் செல்வராஜிடம் அவர் காலைப் பற்றிக் கேட்கிறேன். கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். இலங்கை ராணுவத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் வேலை. அப்படி ஒருவரைத் தூக்கப் போனபோது கண்ணிவெடியில் கால் போயிருக்கிறது.

“ஊருக்கு வந்தா ஒரே கேள்விதாங்க. எத்தன பேர சுட்டேன்னு கேக்குறாங்க. சிலர் கை குடுக்குறாங்க, சிலர் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. எத்தன பேரத் தூக்கிட்டு வந்தேன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.” குரலில் எரிச்சல் தெரிகிறது.

“நான் கேட்கிறேன்” என்கிறேன்.

அவர் எதிரே உட்காருகிறார்.

“எண்ணி வச்சுக்கலங்க. ஆனா போன மாசம் அப்படித் தூக்கிட்டு வந்தவங்கள்ல ஒருத்தரோட மகளுக்கு மாத்தறையில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘இவரு இல்லன்னா இந்தப் பொண்ணே பொறந்திருக்காது’ன்னு சொன்னாரு.”

ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, குடும்ப போட்டோவுல என்னத்தான் நடுவுல நிக்க வச்சாங்க” என்கிறார், நிமிர்ந்து உட்கார்ந்து.