ஓடப் போனவள் நிற்கிறாள்

சௌவனி அக்கா பூங்காவுக்கு ஓடப் போவதில்லை, நிற்கப் போகிறாள் என்ற செய்தி எனக்கு மருந்துக்கடைப் பெண் வழியாக வந்தது. அவளுக்குச் சொன்னவர் தெருமுனை மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர். வேலிக்கு அப்பால் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, அக்காவும் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவரும் மட்டும் ஒரே மரத்தடியில் தோளோடு தோள் நிற்கிறார்களாம். தினமும். டாக்சிக்காரர் தன் கண்ணால் பார்த்தாரா, அவர் பின்னால் உட்கார்ந்து வந்த யாரோ பார்த்தார்களா என்று கேட்டேன். அந்தப் பெண் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே, பார்க்காமலா சொல்வார்கள் என்றாள்.

அக்காவின் கணவர் தவின் என் வீட்டுச் சொந்தக்காரர். பாங்காக் வந்த நாளிலிருந்து அவருடைய நூடுல்ஸ் கடையின் மாடியில்தான் குடியிருக்கிறேன். இந்த வெளிநாட்டுக்காரன் என் வீட்டில்தான் இருக்கிறான் என்று அரசாங்கத்துக்கு அவர்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். கீழே ஒரு தட்டு உடைந்தாலும் மாடியில் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. விடியலில் எலும்புச் சாறு கொதிக்கவைப்பவள் அவள். கல்லாவில் உட்காருபவர் அவர். சர்க்கரை கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும், தவின் ஒரு ட்ரெட்மில் வாங்கிவந்து சாப்பாட்டு மேசைகளுக்கு எதிரிலேயே போட்டார். மத்தியானக் கூட்டம் வடிந்ததும் அவள் ஏறுவாள். பொத்தான் அவர் கையில். மேசையில் யாராவது சிரித்தால் வேகத்தை ஒரு படி கூட்டுவார். அரைமணி நேரம் ஓடி அவள் இறங்கியதும், ஓடியது தன் கால்கள்தான் என்பதுபோல திரையில் விழுந்த தூரத்தை எல்லோருக்கும் காட்டுவார்.

திடீரென்று ஒரு நாள் அவள், இனி வெளியில்தான் ஓடுவேன் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலங்களில் பூங்காவுக்குக் கிளம்பினாள். சந்தேகமும் கூடவே கிளம்பியது. வீட்டில் அரைமணி நேரம் தளராமல் ஓடியவள், வெளியே போய் அதைவிட அதிக நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து வருகிறாள். எத்தனை சுற்று என்று கேட்டால் ஷூவைக் கழற்றப் போய்விடுகிறாள். அதே கால், அதே ஷூ. மிச்ச நேரம் எங்கே போகிறது? இது தவின் கல்லாவில் உட்கார்ந்து போட்ட கணக்கு. சொன்னபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஒரு நாள் நூடுல்ஸ் கிண்ணத்தை என் முன்னால் வைத்து மிளகாய்த்தூளைத் தானே தூவினார். இந்த ஊரில் அவரவர் காரத்தை அவரவர்தான் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அப்போதே பயம் வந்தது.

“தம்பி, நாளைக்கு அவ பின்னாடி கொஞ்சம் ஓடிட்டு வாயேன்.”

“அண்ணே, எனக்கு மூட்டு…”

“ஓட வேண்டாம்ப்பா, பாரு. ஊர் சொல்ற அந்த மஞ்சச் சட்டை இருக்கானா, அவன்கூட நிக்கிறாளான்னு சொல்லு. நின்னா, அந்த மெஷினைத் துடைச்சு வச்சிருக்கேன். அப்புறம் வாசப்படி தாண்ட மாட்டா.”

மறுநாள் போனேன். அக்கா எடுத்த எடுப்பிலேயே யாரோ பொத்தானை அழுத்திவிட்ட மாதிரி பறந்தாள். இளவட்டங்களைக்கூட முந்தினாள். ஏரிக்கரை வருவதற்குள் கால் துவண்டது. ஒரு உடும்பு பாதையைக் கடக்க, அதற்காகவே நின்றவள் போல நின்றாள். நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஒளிந்து நின்று பெண்களைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரனைப் பற்றி இந்த ஊர் என்ன நினைக்கும் என்று வேர்த்தது. அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து மஞ்சள் சட்டை மெல்ல வந்தது. அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

“அவரு அனுப்பினாரா?”

நான் உடும்பைப் பார்த்தேன்.

“அது பதில் சொல்லாது. நீ சொல்லு.”

சொன்னேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மெஷினில் பட்டை அவளை இழுத்துக்கொண்டு போகுமாம். இங்கே அவளை அவளேதான் இழுக்க வேண்டியிருக்கிறதாம். வேகம் தெரியாமல் கிளம்பிப் பாதியில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்கள். அதனால் ஆறு மணிக்குள் இந்த மரத்தடிக்கு வந்துவிடுகிறாள். தினமும் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலித்ததும் பூங்கா முழுவதும் அசையாமல் நிற்கும். மரியாதைக்கு நிற்பவர் யார், மூச்சுக்கு நிற்பவர் யார் என்று எவருக்கும் தெரியாது. பாட்டு முடிந்தபிறகும் கொஞ்சம் நின்றுகொள்ளலாம். மஞ்சள் சட்டைக்காரர் சம்ராண், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் இதே தந்திரத்துக்குத்தான் வருகிறாராம். பேச்சு வார்த்தை ஒன்றும் கிடையாதாம்.

அண்ணனிடம் இதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றேன்.

“சொல்லிடாதே. ஆள் இருக்குன்னு நினைச்சா கத்துவாரு. ஒரு சுத்துகூட முடியலன்னு தெரிஞ்சா சிரிப்பாரு, கடையே சிரிக்கும். கத்தினா எப்படியாவது மறுபடி வந்துடுவேன். சிரிச்சா வர மாட்டேன்.”

அப்போது சம்ராண் மடித்த கைக்குட்டையை நீட்டினார். அக்கா திரும்பிப் பார்க்காமலே வாங்கி நெற்றியைத் துடைத்தாள். பேச்சு வார்த்தையே இல்லாதவர்கள்!

என் சட்டைப்பையில் போன் அடித்தது. தவின். கை பாதி போவதற்குள் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. பூங்கா நின்றது. நானும் நின்றேன். இந்த ஊரில் பிறந்தவர் ஆறு மணிக்கு ஏன் கூப்பிடுகிறார்? நான் நிஜமாகவே பூங்காவில்தான் இருக்கிறேனா என்று என்னையும் சோதிக்கிறாரோ? பக்கத்தில் இருந்தவர்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டினார்கள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் தோளோடு தோள் நின்றிருந்தோம். வேலிக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் டாக்சி நிதானமாகப் போனது. போன் மறுபடி அடித்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப்பையைத்தான் பார்த்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.