துவோஷி கொடுக்காத மன்னிப்பு

தினெஸ்டர் ஆற்றங்கரை யூதச் சிற்றூரில் வாத்து விற்றுப் பிழைத்த துவோஷிக்கு ஒருவரையும் நம்பிப் பழக்கமில்லை. வேதத்து முன்னோர்களைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வாரத்துப் பகுதியை உரக்க வாசிப்பாள், பாதியில் நிறுத்திவிடுவாள்.

"கண்ணு தெரியாட்டி என்ன, சின்னவன் சுத்திக்கிட்டு வந்த ஆட்டுத்தோலுக்கும் பெரியவன் கைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு அப்பனுக்கு? ஈசாக்குக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி படுத்திருந்தார்."

மணப்பெண் தான் கேட்ட தங்கை அல்ல, அக்காள் லேயாள் என்பது யாக்கோபுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்ததாம். அதையும் அவள் நம்பவில்லை.

வியாபாரத்திலும் அப்படியே. அறுத்த வாத்தின் இரைப்பையில் சின்னக் கீறல் கண்டாலும், இது வேதச் சட்டப்படி தின்னத் தகுந்ததா என்று கேட்க மதகுரு ரபியின் வீட்டுக்கு ஓடுவாள். அவள் தலை தெருமுனையில் தெரிந்தாலே ரபியின் மனைவி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் அடுத்த வீட்டுப் பிரைனா மன்னிப்புக் கேட்டு வந்தாள்.

பாவநிவாரண நாள் நெருங்கினால் எல்லோரும் கேட்பதுதான். 'தெரிஞ்சோ தெரியாமலோ' என்று ஒருவர் முணுமுணுப்பார், 'மன்னிச்சாச்சு' என்பார் மற்றவர், அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். பிரைனா எப்போதும் வேலிக்கு அப்பாலிருந்தே கத்திவிட்டுப் போகிறவள். இந்த முறை காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"எதுக்கு மன்னிக்கணும்?" என்றாள் துவோஷி.

"சும்மா, வழக்கம்தானே அக்கா."

"வழக்கத்துக்கு எதுக்குடி முகம் சிவக்குது? என்னன்னு சொல்லு, மன்னிக்கிறேன்."

பிரைனா சொல்லாமல் போய்விட்டாள். துவோஷி உப்புப் பீப்பாயை முகர்ந்து பார்த்தாள். கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். வாத்துகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் உறுத்தியது. மறுநாள் சந்தையில் பிரைனா மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான் கொடுத்தாள்.

மூன்று முறை கேட்டும் மன்னிக்காவிட்டால் பாவம் மறுத்தவள் தலையில் ஏறும். அதுவும், வருகிற வருஷம் யார் இருப்பது, யார் போவது என்று மேலே முத்திரை விழும் நாளில். அதற்காக, என்ன குற்றம் என்று தெரியாமலே மன்னிப்பதா? கண்ணைக் கட்டிக்கொண்டு வாத்து வாங்குவது போலல்லவா அது?

பாவநிவாரண விரதம் தொடங்கும் நாளில், பொழுது சாய்கிற நேரத்தில், தேன் கேக்கோடு பிரைனா வந்து நின்றாள்.

"இது மூணாவது தடவை அக்கா."

"எதுக்குன்னு சொல்லு."

பிரைனா மூச்சை இழுத்து விட்டாள். "நீ ஒருநாள் வாத்து இரைப்பையில இருந்த ஆணியைக் குப்பையில வீசினதைப் பார்த்தேன். ரபிகிட்ட காட்டாமலே அந்த வாத்தை நீ வித்துட்டதா நினைச்சேன். அன்னையிலிருந்து பூரிம் பண்டிகைக்கு நீ அனுப்புற பலகாரத் தட்டு பூரா பால்காரன் நாய்க்குத்தான் போச்சு. போன வாரம்தான் ரபி பொண்டாட்டி சொன்னா, அந்த ஆணியை வீசுறதுக்கு முன்னாடி அவர் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்துலயே கொண்டுவந்து வச்சியாம்."

"காட்டினேன். ஆகாதுன்னார். நம்ம ஆளுங்களுக்கு விக்காம, இந்த விதி இல்லாத மால்தாவியக்காரனுக்குப் பாதி விலைக்குத் தள்ளினேன்." துவோஷி இடுப்பில் கையை ஊன்றினாள். "என்னையாடி சந்தேகப்பட்டே? ஊர்ல என்னையா?"

இருட்டினால் விரதம் தொடங்கிவிடும். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. துவோஷி அதைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள்.

"சரி. மன்னிச்சேன். இப்ப நீ என்னை மன்னி."

"எதுக்கு?"

"வழக்கம்தான்."

"முகம் சிவக்குதே அக்கா."

துவோஷி தலைத்துணி நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். "உன் பூனை மாவுல புரளுதோன்னு எனக்கு ஒரு எண்ணம். உன் பூரிம் பலகாரம் எல்லாம் என் வாத்துங்க தின்னுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"அதான் அதுங்க அப்படிக் கொழுத்துச்சா?" என்றாள் பிரைனா. கேக்கை அவள் பக்கம் தள்ளி, "மன்னிச்சேன். கேக்கைத் தின்னு" என்றாள்.

துவோஷி சட்டியிலிருந்து வாத்துக்கறித் துண்டு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள். "நீ இதைத் தின்னு."

"நீ முதல்ல."

"நீதான் முதல்ல."

தெருவில் ஆட்கள் தொழுகைக்கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடித்தார்கள். மற்றவள் விழுங்கிவிட்டாள் என்பது தெரியும்வரை ஒருத்தியின் தொண்டையிலிருந்து மற்றவள் கண்ணை எடுக்கவில்லை.