கை நீட்டினால் போகிறவள்

என் மகளுக்குக் கை கொடுக்கக் கற்றுத் தந்தது ஒரு ரோபோ. முழங்கால் உயரம், வெள்ளை உடம்பு, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு விளக்குகள். அடையாற்றில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தில் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. மனித முகம் அவளுக்கு உச்சி வெயில் மாதிரி. பார்த்த உடனே கண்ணைச் சுருக்கித் திரும்பிக்கொள்வாள். கையைப் பிடித்தால் சுட்டதுபோல் உதறுவாள். ரோட்டைக் கடக்கவேண்டும் என்றால் இடுப்போடு சேர்த்து அணைத்து இழுத்துக்கொண்டுதான் போவேன். பார்க்கிறவர்களுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி இருக்கும்.

அந்த ரோபோவின் முகம் மட்டும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. "மனுஷங்க மொகம் நிமிஷத்துக்கு ஒண்ணா மாறும் சார். இது மாறாது. நூறு தடவ கேட்டாலும் அதே குரல்ல சொல்லும். அதான் இவங்களுக்குப் புடிக்குது" என்றார் பயிற்சியாளர். சின்ன வயதுப் பெண். கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அதை இயக்குவார். அதன் குரலும் அவர் பதிவு செய்த குரல்தான்.

"வணக்கம். உன் பெயர் என்ன?" என்று அது கேட்கும். காத்திருக்கும். அவள் பெயரைச் சொன்னால் கண் விளக்கு பச்சையாகும். பிறகு ஒரு கையை நீட்டும். "கை கொடு. போகலாம்." விரல்களை அதன் கையில் வைத்தால் மறுபடி பச்சை. உள்ளே மோட்டார் முனக, அது ஒவ்வொரு அடியாக எடுத்துவைக்கும். அவளும் கூட நடப்பாள். முதல் முறை அவள் அதன் கையைப் பிடித்து நடந்ததைக் பயிற்சி அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த என் மனைவி, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோபோவிடம் வந்தது மனிதர்களிடம் வரவேண்டும். வீட்டுப் பாடம் அதுதான். "உங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் செஞ்சா போதாது. எவ்ளோ பேர்கிட்ட பழக்குறீங்களோ அவ்ளோ நல்லது" என்றார் பயிற்சியாளர். நாங்கள் படித்தவர்கள். வீட்டுப் பாடம் கொடுத்தால் கூடுதலாகவே செய்கிறவர்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்ககத்துக்குள் நுழைந்த யாரையும் விடவில்லை. தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர், இஸ்திரிக்காரர், மேல் வீட்டு ஆடிட்டர், பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, எல்லாரும் கையை நீட்டி அதே சொற்களைச் சொல்லவேண்டும். அவள் பெயரைச் சொல்லி, கையைக் கொடுத்து, அவர்களோடு லிஃப்ட் வரைக்கும் நடப்பாள். நாங்கள் கைதட்டுவோம்.

"மீன் வாங்கலேன்னா கூட பரவால்ல, பாப்பா வாக்கிங் இட்டுனு போவுது என்னை" என்று மீன்காரம்மா சிரிப்பார்.

"தெருவுல எல்லாரும் கை நீட்டியாச்சு, இனிமே கவுன்சிலர்தான் பாக்கி" என்பாள் மனைவி.

தீபாவளிக்கு முந்தைய மாதம் தி. நகருக்குத் துணி எடுக்கப் போனோம். கூட்டத்துக்கு முன்பே போய்விடலாம் என்று காலையிலேயே கிளம்பியும் கடைக்குள் கூட்டம். மூன்றாவது மாடியில் மனைவி ஒரு சுடிதாரை உடம்பில் வைத்துக் காட்டி, "இது எப்படி?" என்று கேட்டாள். சரிந்த பையை எடுத்து வைக்க மகளின் கையை விட்டேன். பையை நிமிர்த்திவிட்டுக் கையை நீட்டினால், பிடிக்க எதுவும் இல்லை.

முதலில் துணி அடுக்குகளுக்குக் கீழே தேடினேன். அவள் அங்கேதான் ஒளிவாள். இல்லை. கடைக்காரர்கள் நல்லவர்கள், உடனே ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். மஞ்சள் கவுன், ஒன்பது வயது என்றார்கள். கூட்டத்துக்கு நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற குழந்தை இல்லை அவள். அது எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். மனைவி மாடிகளைப் பார்க்க, நான் படியில் இறங்கி வாசலுக்கு ஓடினேன்.

உஸ்மான் ரோட்டில் தலைகள்தான் தெரிந்தன. வலதா இடதா என்று தெரியவில்லை. ஒருவேளை தவறான பக்கம் ஓடினால் ஒவ்வொரு அடியிலும் அவளை விட்டுத் தூரமாகப் போகிறேன் என்று தோன்றி, அங்கேயே நின்றுவிட்டேன். அப்போதுதான் பூக்கடைக்கு அப்பால் மஞ்சள் தெரிந்தது. அவள் நடந்துகொண்டிருந்தாள். பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அழாமல், உதறாமல், அந்த அம்மாளின் நடைக்குச் சரியாக அடியெடுத்து வைத்து. முன்னால் ஒரு கார் நின்றது. பின் கதவு திறந்திருந்தது.

நான் அவளை இடுப்போடு அள்ளியபோது அந்த அம்மாள் பதறிப்போனார். அறுபது வயது இருக்கும். முகத்தில் கள்ளம் இல்லை.

"உங்க கொழந்தையா? வாசல்ல தனியா நின்னுண்டிருந்தா. கூட்டத்துல யாராவது இடிச்சுத் தள்ளிடப்போறான்னு பயமாயிடுத்து. கார்ல உக்கார வச்சுட்டு உள்ள போய்ச் சொல்லலாம்னு நெனச்சேன்" என்றார். பிறகு மகளின் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தார். "கைய நீட்டினேன், உடனே புடிச்சுண்டா. பேரெல்லாம் அழகாச் சொன்னா. இந்தக் காலத்துல எந்தக் கொழந்த இப்படி வரது? ரொம்ப நன்னா வளத்திருக்கேள்."

நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மாள் நல்லவர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்குக் கையை நீட்டியவர் அவர் என்பது மட்டுமே எங்கள் பாக்கியம். வேறு யார் நீட்டியிருந்தாலும் என் மகள் இதே போல் பெயரைச் சொல்லி, இதே போல் நடந்து, திறந்த கதவுக்குள் ஏறி உட்கார்ந்திருப்பாள். நாங்கள் ஊரைக் கூட்டி, கைதட்டி, அதைத்தான் பழக்கியிருந்தோம்.

அதற்குப் பிறகு யார் கையைப் பார்த்தாலும் பயம். தண்ணீர் கேன்காரர் வழக்கம்போல் "கை குடு பாப்பா" என்றபோது நான் கதவைச் சாத்திவிட்டேன். பாவம், அவர் வெளியில் கேனோடு நின்றார். மனைவி கதவைத் திறந்து கேனை வாங்கிக்கொண்டு, "அவர் என்ன பண்ணினார்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் ஒன்றும் பண்ணவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் செய்தார்.

பயிற்சியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "இது எங்களுக்குத் தோணியிருக்கணும் சார்" என்றார். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சவங்க யாரு, தெரியாதவங்க யாருன்னு அவளுக்கு இப்பப் புரிய வைக்க முடியாது. மொதல்ல எல்லாருக்கும் 'மாட்டேன்'னு வரட்டும். யாருக்குச் சரின்னு அப்புறம் சொல்லித் தருவோம்."

ஆனால் அதற்கு முன் அவள் உண்மையில் என்ன செய்கிறாள் என்று பார்க்கவேண்டும் என்றார். மையத்துக்கு அருகே ஒரு பூங்கா வாசலில் ஏற்பாடு செய்தோம். நானும் மனைவியும் நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால் நின்றோம். மகள் பார்த்தே இராத ஒருவர், பயிற்சியாளரின் அண்ணன், அவளை நெருங்கிக் கையை நீட்டினார். "கை கொடு. போகலாம்." அவள் தன் பெயரைச் சொன்னாள். கையைக் கொடுத்தாள். தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். எல்லாம் நாங்களே வைத்த நாடகம் என்று தெரிந்தும் மனைவி என் முழங்கையில் நகம் பதிய அழுத்தினாள்.

அடுத்த வகுப்பிலிருந்து ரோபோ வேறு பாடம் நடத்தியது. மையத்தில் வேலை செய்யும் யாராவது உள்ளே வந்து கையை நீட்டுவார்கள். ரோபோ தன் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், "மாட்டேன்" என்று சொல்லி, ஓரடி விலகும். அவள் அதைப் பார்த்து அப்படியே செய்தால் பச்சை. ஆரம்பத்தில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று வரைக்கும் கைதட்டு வாங்கிய காரியத்துக்கு இன்று விளக்கு எரியவில்லை. கையைக் கொடுத்துவிட்டு ரோபோவின் கண்களைப் பார்ப்பாள். இருட்டாக இருக்கும். மறுபடி கையைக் கொடுப்பாள். பிறகு தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்ப்பது, உஸ்மான் ரோட்டில் நின்றதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நிறுத்திவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க எவ்ளோ நாள் கூடவே நிக்க முடியும்?" என்றாள். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது.

மழைக்காலம் முழுக்க அது நடந்தது. தை பிறந்த பிறகு ஒரு மாலை, மறுபடி பார்த்துவிடலாம் என்றார் பயிற்சியாளர். வேறு தெரு, வேறு ஆள். இந்த முறை ஒரு பெண்மணி, முகத்தில் நல்ல சிரிப்பு. நாங்கள் ஒரு காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் நின்றோம். கை நீண்டது. மகள் அந்தக் கையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, ரோபோவின் அதே தட்டையான குரலில், "மாட்டேன்" என்றாள். ஓரடி விலகினாள்.

மனைவி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய் மகளின் முன்னால் குனிந்து, பழக்கத்தில், கையை நீட்டினேன். "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்."

என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"மாட்டேன்."

"இழுக்காதீங்க சார்" என்றார் பின்னாலிருந்து பயிற்சியாளர். "இப்ப இழுத்தா, மாட்டேன்னு சொல்லி ஒண்ணும் ஆகாதுன்னு கத்துக்குவா."

வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தேன். ரோட்டைக் கடக்கவேண்டும். அலுவலகம் விடுகிற நேரம். கைகளைப் பின்னால் கட்டியபடியே அவள் நடைபாதையிலிருந்து இறங்கினாள். தொடவும் கூடாது, விடவும் முடியாது. வண்டிகள் வருகிற பக்கமாக நான் ஓடி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். ஒரு ஆட்டோ என் இடுப்பருகே வந்து முனகி நின்றது.

"யோவ், பெரிய மனுசா" என்று ஓட்டுநர் தலையை நீட்டிக் கத்தினார். "கொயந்தய கைல புட்ச்சிக்கினு போறதுக்கு இன்னா?"

அவள் நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள். நடுத்தடுப்பு வந்துவிட்டது. அதற்கு அப்பால் பாதி ரோடு இருந்தது, அங்கே எதிர்த்திசையிலிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது.