சட்டைப் பையில் பீஸ் கட்டை

என் தாய்மாமன் விமானப் படையில் ராடார் பழுது பார்ப்பவராக இருந்தார். பாலைவனத்து எல்லையில் எங்கேயோ முகாம். விடுப்பில் திருப்பூர் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அப்பா பனியன் துணி பின்னும் இரண்டு மிஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கி தொடாத பட்டாளத்துக்காரர் என்று மாமாமீது அவருக்கு ஓர் இளக்காரம்.

"ரேடியோ ரிப்பேருக்கு எதுக்குங்க மாப்பளே இத்தனை மிடுக்கு?" என்பார். மாமா சிரித்துக்கொள்வார். அந்த முறை விடுப்பு முடிந்ததும் புது ராடார் ஒன்றில் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்களுக்கு விடுமுறை. மிஷின்களில் ஒன்று நின்றுவிட்டது. மாமா முதல் வேலையாகச் சுவரிலிருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொட்டகைக்கே மின்சாரம் அது ஒன்றின் வழியாகத்தான். ஓடிக்கொண்டிருந்த மற்ற மிஷினும் நின்றது.

"ஒண்ணைப் பாக்கறதுக்கு ரெண்டையும் நிறுத்தோணுமுங்களா? நாளைக்கு நான் துணி குடுக்கோணும்."

"உள்ள கை இருக்கறப்ப எவனாச்சும் கரண்டைப் போட்டுட்டா? பீஸ் பையில இருந்தாத்தானுங்க மச்சான் கை நம்முளுது. எங்க வேலையில இதான் முதல் பாடம்."

அப்பா முணுமுணுத்தபடி டீக்கடைக்குப் போனார். வெக்கை தாங்காமல் மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மிஷினுக்குப் பின்னால் குனிந்தார். நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். முழங்கால்வரை தொங்கியது. சுவருக்கு ஒரு சல்யூட் வைத்தேன். பைக்குள் பீஸ் கட்டை கனத்தது.

சும்மா நின்ற நல்ல மிஷினைப் பார்த்தேன். அதை ஓட வைத்தால் அப்பா என்னை மெச்சுவார். கெட்டுப்போனது எப்படியும் ஓடாது என்பது என் கணக்கு. ஸ்டூலில் ஏறிப் பீஸைச் சொருகினேன்.

மாமா அதற்குள் பழுதை நீக்கியிருந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மிஷின்களும் ஓடின.

"புடுங்கு கண்ணு!" என்று கத்தினார். பிடுங்கி மறுபடி பைக்குள் போட்டேன்.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. படை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. உடம்பு தளரும்வரை வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பீஸைத் தானே போட்டுவிட்டு மறந்து கையை விட்டதாக அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். "ஆகாசத்துல வர்ற ஏரோப்ளேனைக் கண்டுபுடிக்கறவரு, செவுத்துல இருந்த பீஸைப் பாக்கலைங்க" என்று அப்பா விசேஷ வீடுகளில் சொல்லுவார். பந்தி சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். படித்தேன், கல்லூரியில் பாடம் நடத்தினேன், ஓய்வும் பெற்றேன். அவர் இருந்தவரை வாயைத் திறக்கவில்லை. போன மாதம் அவரை எரித்துவிட்டு வந்தோம்.

அன்று பெல்ட் நின்றதும் அவர் உடனே யாரையும் கூப்பிடவில்லை. ரத்தம் சொட்டும் கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்பாவின் செருப்புச் சத்தம் தெருவில் கேட்டது.

"சட்டையைக் கழட்டிக் குடு கண்ணு. வெரசா."

ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதர் வெற்றுடம்போடு போக வெட்கப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன். கழற்றிக் கொடுத்தேன்.