பானெட்டின் இரண்டு பக்கம்

இன்று காலை காரைக் கழுவிவிட்டு பானெட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு டேப் ஒட்டினேன். இடது பக்கத்துக்கு ஒரு மருந்து, வலது பக்கத்துக்கு ஒரு மருந்து. மருந்து என்று நான்தான் சொல்கிறேன். கழுவின காரின் மேல் அடித்துத் துடைத்தால் புதுசு மாதிரி பளபளப்பு வருமாம், அந்த ஸ்பிரே. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் இரண்டு பாட்டில் வாங்கி அனுப்பியிருந்தான். "ரெண்டையும் அடிச்சுப் பாத்துட்டு எது நல்லா கீதுன்னு சொல்லுப்பா, அதையே வாங்கிக்கலாம்" என்றான் போனில். என் மச்சான் இறந்து இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. அப்பாவைச் சும்மா உட்கார விடாதே என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஆலங்காயத்தில் எங்கள் தெருவில் எனக்கு எதையும் முறையாகச் செய்கிறவன் என்று ஒரு பெயர் உண்டு. வேலை வெட்டி இல்லாதவன் என்பதைத்தான் மரியாதையாக அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? காரை வேப்பமர நிழலுக்குத் தள்ளி நிறுத்தினேன். பானெட் சூடு ஆறிவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு மூன்று தடவை, அதற்கு மேல் அடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டமும் போட்டுக்கொண்டேன்.

முதலில் நீல மருந்து. தண்ணீர் மாதிரி இருந்தது, திராட்சை சோடா வாசனை. துடைக்க எளிது, ஆனால் கை கொஞ்சம் நின்றால் கோடு விழுந்துவிடுகிறது. இரண்டாவது வெள்ளை மருந்து. குலுக்கித்தான் அடிக்க வேண்டும். துணி வழுக்கிக்கொண்டு போனது, ஒரே இழுப்பில் வேப்பிலைகள் அதில் தெரிந்தன. நல்ல மருந்துதான். ஆனால் அது தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், அந்த வாசனையை ஒரு வண்டியின் மேல் முகர்ந்து. அப்போது நாங்கள் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்தோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி மல்லிகா, அவளுடைய அண்ணன் வெள்ளையன். எனக்கு மச்சான். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பழைய ஜீப். மலையிலிருந்து திருப்பத்தூருக்குப் புளியும் பலாப்பழமும் ஆட்களும் ஒன்றாக இறங்குவார்கள். யார் மடியில் யார், எது மேல் எது என்று கேட்கக் கூடாது.

வாரம் ஒரு தடவை ஓடையில் இறக்கி ஜீப்பைக் கழுவுவோம். கழுவின பிறகுதான் சண்டை. எனக்கு டீசல் துணி. ஒரு துணியில் துளி டீசல் தொட்டுத் துடைத்தால் வெளுத்த பெயிண்டு கறுத்துக்கொண்டு வரும். மச்சானுக்குத் தேங்காய் எண்ணெய். தலைக்கு வைக்கிற அதே எண்ணெய், அதே பாட்டில். பேசிப் பேசி அலுத்துப் போய் வண்டியை நடுவில் பிரித்துக்கொண்டோம். டிரைவர் பக்கம் அவருடையது, இந்தப் பக்கம் என்னுடையது. முன்கண்ணாடி விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. அதற்கு வெறும் தண்ணீரும் பழைய பேப்பரும்தான்.

கழுவின அன்றைக்கு அவர் பக்கம் மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். மறுநாள் செம்மண் ரோட்டில் ஒரு நடை போய் வந்தால் எண்ணெய் பூசின இடமெல்லாம் புழுதி அப்பிக்கொள்ளும். ஒரே ஜீப், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செம்மண். "இன்னா மச்சான், வண்டிக்கு அம்மை போட்டுச்சா?" என்று நான் கத்துவேன். சந்தையில் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். எண்ணெயைக் கிண்டல் செய்தே மலையில் நான் பேர் வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. திருப்பத்தூரில் இறங்கினால் எனக்கும் சேர்த்துத்தான் போண்டா வாங்குவார்.

அந்த போண்டாக் கடை இப்போது செல்போன் கடை. அதை விடுங்கள்.

ஒரு தடவை, மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு வண்டி போக வேண்டியிருந்தது. மத்தியானம் கழுவினோம். மச்சான் தன் பக்கத்தை முடித்துவிட்டுப் பலாப்பழம் இறக்கப் போய்விட்டார். என் டீசல் துணி ஓடையோடு போயிருந்தது. அவருடைய எண்ணெய்த் துணி சீட்டின் மேல் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை எடுத்தேன். என் பக்கம் முழுவதும் தேய்த்தேன். கண்ணாடியில் காக்கை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் பேப்பர் இல்லை. அதே துணியால் அழுத்தித் தேய்த்தேன். எச்சம் போனது. கையோடு கண்ணாடி முழுவதையும் துடைத்தேன். வெயிலில் அது ஜொலித்தது.

மச்சான் திரும்பி வந்து பார்த்தார். "இன்னா மாப்ள, இன்னிக்கு உன் பக்கமும் மினுக்குது?"

"டீசலு புதுசு மச்சான்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். எண்ணெயைத் திட்டியே பெயரெடுத்தவன் எண்ணெய் தொட்டான் என்று தெரிந்தால் சந்தையில் தலைகாட்ட முடியாது. இப்போது சொல்லும்போது எவ்வளவு சில்லறைத்தனமாக இருக்கிறது!

நாலு மணிக்கு மல்லிகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் முதல் பையன், ஆறு மாதம். காலையிலிருந்து காய்ச்சல், அப்போது வலிப்பு வந்துவிட்டது. ஜீப்பை எடுத்தோம். மச்சான்தான் ஓட்டினார். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் போட்டதும் கண்ணாடி பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. நிறுத்தி, துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. மழைக்குக் கண்ணாடி மங்கினால் பீடியைப் பிரித்து அந்தத் தூளைத் தேய்ப்பது மலை டிரைவர்களின் வழக்கம். எப்போதும் கை கொடுக்கும். ஒரு கட்டு பீடியையும் பிரித்துத் தேய்த்தார். எண்ணெயோடு சேர்ந்து அது சேறு மாதிரி ஒட்டிக்கொண்டது.

"மாப்ள, நீ ஓட்டு. நான் முன்ன நடக்கறேன், என் துண்டப் பாத்துக்கினே வா" என்று இறங்கினார். வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் ஓடினார். நான் தலையை வெளியே நீட்டிக்கொண்டு அந்தத் துண்டைப் பார்த்தே ஓட்டினேன். பின்னால் மல்லிகா "சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்தில் இறங்குகிற மலை, இரண்டரை மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தொட்டுப் பார்த்த நர்சம்மா, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார்.

மச்சான் ஈரத்தோடு சுவரில் சாய்ந்து நின்றார். "என் எண்ணெத் துணிதான் மாப்ள. தொடைக்கறப்போ கண்ணாடில பட்டுடுச்சி போல" என்றார். மல்லிகாவுக்குக் கேட்கும்படிதான் சொன்னார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அதன் பிறகு அவர் ஜீப் ஓட்டவில்லை. தலைக்கும் எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டார். நாங்கள் ஆலங்காயத்துக்கு இறங்கிவிட்டோம். மல்லிகா அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தால் வாங்கி உள்ளே வைப்பாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். அடுத்த பையன் பிறந்தபோது தெருவில் நின்றபடி பார்த்துவிட்டுப் போனார். போன மாதம் இறந்தார். பந்தலில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து உடம்பு முழுக்க மரத்துப் போன மாதிரிதான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கார் கழுவுகிறேன்.

மல்லிகா காபி கொண்டுவந்தாள். வந்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னாங்க, தேங்கா எண்ணெயா?"

"இல்ல, இந்த மருந்துல அப்படி ஒரு வாசன போட்டுக்கீறான்."

பானெட்டைச் சுற்றி வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். "எங்கண்ணன் இருந்திருந்தா இந்தப் பக்கம்தான் கெலிச்சுதுன்னு குதிச்சிருக்கும்" என்றாள். எங்கண்ணன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. "அன்னிக்குக் கண்ணாடியத் தொடச்சது மச்சான் இல்ல மல்லிகா. நான்தான். அவர் துணிய எடுத்து நான்தான் தொடச்சேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காபி டம்ளரை பானெட்டின் மேல், மருந்து அடித்த இடத்திலேயே வைத்தாள்.

"எங்கண்ணங்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

நான் டேப்பை உரித்தேன். சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் முத்து முத்தாக நின்றது. வெள்ளை பாட்டிலைத் திருப்பிப் படித்தால், கண்ணாடியில் அடிக்க வேண்டாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. மகன் போன் செய்தான், எது நல்லா இருக்கிறது என்று. ரெண்டும் ஒண்ணுதான் என்றேன்.

அந்த ஜீப் காயலான் கடைக்குப் போய்விட்டது. செம்மண் ரோடு தார் ரோடாகிவிட்டது, போன் போட்டால் ஆம்புலன்ஸ் மலை ஏறி வருகிறது. பீடி பிரித்துக் கண்ணாடி துடைக்கிறவர்கள் இன்று யாரும் இல்லை. மல்லிகா கேட்டதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மச்சானிடம் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. போன மாதம் வரைக்கும் இருந்தது.