ஆடுகிறவள் ஒருத்தி, சால்வை ஒருத்திக்கு

சம்பளமில்லாத உத்தியோகங்களிலேயே பரிதாபமானது, சம்பளமில்லாமல் உழைப்பவர்களுக்கு மரியாதை செய்து வைக்கும் உத்தியோகம். மைசூரில் ரயிலடிக்கு வடக்கேயுள்ள மொஹல்லாக்கள் என்னும் பேட்டைகளின் மாதர் விளையாட்டுச் சங்கத்துக்கு நான் காரியதரிசி. கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷில் கடிதம் எழுதுவாள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர்கள், மைதானத்தைக் கவனித்துக்கொள்பவர்கள் இவர்களில் ஒருவரை வருஷத்துக்கொரு தடவை, மகாராஜாவின் பிறந்தநாளான வர்த்தந்தியை ஒட்டி, மேடையேற்றிக் கௌரவிக்க வேண்டும். சங்கம் நடத்தும் சகோதரிகளே, அது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணியட்டும்.

புருஷன் தலையில் பேட்டா

முதல் வருஷம் மரகதத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெயில் தாழுமுன்பே வந்து, முள் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போடுகிறவள். பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறியது அவள் புருஷன். மைசூர்ப் பேட்டா என்னும் ஜரிகைத் தலைப்பாகையை அவர் தலையில் வைத்தார்கள். சேவையின் மகத்துவத்தைப் பற்றி அவரும் நீளமாகப் பேசினார். மரகதம் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தவரிடம், மைதானம் எந்தத் திசையில் இருக்கிறதென்றாவது தெரியுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நிதானமாகச் சொன்னார்: "அவளைப் போகாதேன்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? அது சேவையில்லையாம்மா?"

நாற்காலி சேவை

அடுத்த வருஷம், பெண்களுக்கு மட்டும்தான் மரியாதை என்று அடம்பிடித்தேன். எங்கள் தலைவி எஞ்சினீயர் வீட்டம்மாள் உடனே சம்மதித்து, ஒரு ஜட்ஜின் மனைவி பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் மைதானத்துக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார். வெயில் ஜாஸ்தி என்று வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டார். அவர் செய்த சேவைதான் என்ன என்று கேட்டேன். விழாவுக்கு நாற்காலிகள் அவர் வீட்டிலிருந்து வருகின்றனவாம். அப்படியானால் நாற்காலிக்கு மாலை போடலாமே என்றேன். தலைவி என்னை விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்: "ஆடறவங்க நின்னுக்கிட்டே ஆடிடுவாங்க. பார்க்க வர்றவங்க எதுல உட்காருவாங்க?"

தையல் வகுப்பு

மூன்றாம் வருஷம், யாரும் மறுக்க முடியாத பெயர் ஒன்று என்னிடம் இருந்தது: ஜெகதா. சாயங்காலமானால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் எறிந்து பிடிக்கும் டென்னிகாய்ட் ஆட்டத்தை மொஹல்லாப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள். அவள் வராத நாளில் ஆட்டமே கிடையாது. பெண்கள் உட்கார்ந்து புடவை விலை பேசுவார்கள்.

சேதி சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. தையல் வகுப்புக்குப் போவதாக மாமியார் கண்ணம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் இத்தனை நாளும் வந்திருக்கிறாள். மருமகள் மைதானத்தில் குதிக்கிறாள் என்பது அந்த அம்மாள் காதில் விழுந்தால், அப்புறம் வாசற்படி தாண்டமுடியாது. தலைவியோ, சால்வை போடவரும் தாலுகா அதிகாரி அமல்தாரின் மனைவியிடம் சொல்லியாகிவிட்டது, சால்வை ஜெகதா வீட்டுக்குப் போயே தீரவேண்டும் என்றுவிட்டார். ஜெகதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "அக்கா, எனக்கு மாலை போட்டீங்கன்னா அதோட என் ஆட்டம் முடிஞ்சுது. உங்க மரியாதையே எனக்கு வேண்டாம்."

மாமியார் மேடையேறினார்

சால்வை அந்த வீட்டுக்குப் போனால் போதும், அவ்வளவுதானே? நேரே கண்ணம்மாளிடம் போனேன். மருமகளைப் பொதுக்காரியத்துக்கு மனமுவந்து அனுப்பும் மாமியாரைச் சங்கம் கௌரவிக்கிறது என்றேன். என்ன காரியம் என்று அவர் கேட்கவில்லை. எந்தப் புடவை கட்டிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டார்.

அமல்தார் மனைவி கன்னடத்தில் "பஹள சந்தோஷ", ரொம்ப சந்தோஷம், என்றபடி சால்வையைப் போர்த்தி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து, மருமகள் சொல்லிக் கொடுக்கும் ஆட்டத்தைப் பற்றி உரக்க வாசித்தேன். கூட்டத்தில் ஜெகதா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஊரே கைதட்டும்போது சால்வையைக் கழற்றி வீச யாருக்கு மனம் வரும்?

மறுநாள் சாயங்காலம் ஜெகதாவைக் காணோம். பெண்கள் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புடவை விலைகூட யாரும் பேசவில்லை. என் கெட்டிக்காரத்தனம் கவிழ்த்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான், வெயிலில் சால்வையும் தானுமாகக் கண்ணம்மாள் முன்னே வந்தார். பின்னால் தலையைக் குனிந்தபடி ஜெகதா. மாமியார் வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஜெகதா எறிந்த முதல் வளையம் வலையிலேயே விழுந்தது. கண்ணம்மாள் தலையை நிமிர்த்தினார்: "ஏண்டி, ஊர் முன்னால எனக்குச் சால்வை போட்டிருக்காங்க. மானத்தை வாங்காம ஒழுங்கா எறி."

ஜெகதாவுக்கு எங்கள் சங்கம் இன்றுவரை ஒரு முழம் பூகூடக் கொடுத்ததில்லை. அதனால்தான் ஆட்டம் இன்னும் நடக்கிறது.