முட்டிக்கு அடியில் தலையணை

முனிராஜ் பெண்டாட்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான். அவள் கால் நீட்ட முடியாமல் போனதே அதனால்தான்.

ராமாபுரத்துக்காரன். மைசூரில் டைல்ஸ் பதிக்கிற வேலை. வாய் கொஞ்சம் நீளம், மனசு ரொம்ப இளகல். மனைவி மாதேவிக்கு அதே ஊரில் ஹெப்பாள் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. காலையில் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். பஸ் ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மாதேவி மாதேவியே இல்லை. அதனால்தான், துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி வலது முட்டி முறுக்கிக்கொண்டதும், "ஐயோ, நான் பஸ் ஏறணுமே!" என்று கத்தினாள்.

எலும்பு முறியவில்லை, ஜவ்வுதான் இழுபட்டிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது. மடக்கி வைத்தால் வலி குறைந்தது. முனிராஜ் முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தான். "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்புறம் கேட்கவேண்டுமா! கடை கடையாக ஏறி இலவம்பஞ்சுத் தலையணை வாங்கி வந்தான். அவள் லேசாக அசைந்தாலே, "அம்மிணி, ஆடாதே!" என்று பாய்ந்து வருவான். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடவில்லை.

வாரங்கள் போயின. வீக்கம் ஓரளவு வடிந்தும் கால் நேராகவில்லை. எழுந்து நின்றால் குதிகால் தரையைத் தொடவில்லை. வலது தொடை மட்டும் மெலிந்து கிடந்தது.

"ஏனுங்க, தூக்கு தூக்குன்னு சொல்றேன், இது கேக்கவே மாட்டேங்குது. கால் செத்துப்போச்சுங்களா?" என்று மாதேவி அழுதாள்.

முனிராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து, பிசியோதெரபி செய்யும் ஜீவிதாவிடம் கூட்டிப்போனான்.

"முட்டிக்கு அடியில ஏதாச்சும் வெக்கிறீங்களா?" என்று கேட்டாள் ஜீவிதா.

"தலையணைங்க மேடம். இலவம்பஞ்சு. நானே தேடி வாங்குனது."

"ஐயோ அண்ணா! இனிமே அது பேடவே பேடா, வேண்டாம். எடுத்துப் போட்டுடுங்க."

முனிராஜின் முகம் சுண்டிப்போயிற்று. "வலிக்குமே மேடம்!"

"ஸ்வல்ப வலிக்கத்தான் செய்யும். மடங்கியே கிடந்தா பின்பக்கம் இறுகிப்போயிடும்." பிறகு மாதேவியிடம் திரும்பினாள். "கால் சாகல அக்கா. முட்டிக்குள்ள நீர் கோத்தா, உடம்பு பயந்துபோய்த் தொடைச் சதையை அடக்கி வெச்சிரும். அடிபட்ட இடத்துக்கு அது போடுற காவல். நாமதான் மெல்ல அதை எழுப்பணும்."

காலை நீட்டி, முட்டியின் பின்பக்கத்தால் கீழே அழுத்தவேண்டும். சரியாக அழுத்துகிறாளா என்று தெரிய அவன் உள்ளங்கையை அடியில் வைத்துக்கொள்ளலாம். அதுதான் முதல் பயிற்சி.

வீட்டுக்கு வந்ததும் தலையணையை பீரோ மேல் எறிந்தான். "நானே உன் காலைக் கெடுத்துட்டனே அம்மிணி."

"கெடுக்கறதுக்கா வெச்சீங்க? கையைக் குடுங்க."

தினமும் வேலை முடிந்து வந்ததும் சிமெண்ட் காய்ப்பேறிய கையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். அவள் பல்லைக் கடித்து முக்குவாள். "வருதுங்களா?" என்பாள். ஒன்றும் வராது. "வருது, வருது" என்று கூசாமல் பொய் சொல்வான்.

ஒரு சாயங்காலம் உள்ளங்கையில் ஏதோ துடித்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். "இன்னொருக்கா அமுக்கு!" அமுக்கினாள். "அடியாத்தி, அமுக்கறாளே!" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கூச்சல் போட்டான். மாதேவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சோதனை. அவள் வலியில் முனகிக்கொண்டு காலை நீட்டுவதைப் பார்த்தும் "போதும்" என்று சொல்லாமல் இருக்கவேண்டும். தாங்கமுடியாதபோது வெளியே போய்ச் செருப்புகளை அடுக்கிவைப்பான். கால் கொஞ்சங் கொஞ்சமாக நேராயிற்று. வாசற்படியில் ஏறி இறங்கிப் பழகினாள்.

வேலைக்குப் போகும் நாள் வந்தது. பஸ்ஸின் முதல் படி ஏகப்பட்ட உயரம். அவளைத் தாங்கிப் பிடிக்க முனிராஜ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

"தொடாதீங்க" என்றாள்.

கம்பியைப் பிடித்து இடது காலை மேலே வைத்தாள். வலது கால் தரையைவிட்டுக் கிளம்பத் தயங்கியது. அவன் கைகள் தாமாகவே நீண்டன. சட்டென்று இழுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டான். மாதேவி உந்தினாள், ஏறிவிட்டாள். பஸ் கிளம்பியது. உள்ளே போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா, ஒரு டாட்டா கூடக் காட்டல!" என்றான் முனிராஜ், அங்கே நின்ற பால்காரரிடம். வாழ்க்கையில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.